கூலியைக் கொடை என்றெழுதும் கப்பல்

நீண்ட பதிவு; பொறுத்தருள்க. ஆய்வேட்டின் மூன்றாம் இயலைத் திருத்தி அனுப்பவேண்டிய வாரத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நெறியாளர் இப்பக்கம் வராதிருக்கக் கடவது.

சென்ற டிசம்பரில், கொச்சியில் ஏறிக் கொச்சியிலேயே இறங்கும் மூன்று இரவுக் கப்பல் பயணமொன்றில் என் பெரியம்மாவுக்குத் துணையாகச் சென்றிருந்தேன். இறுதி இரவில் நான் செய்த ஒரு செயலுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். அதைச் செய்யும் துணிவைத் தந்தது நான் கற்ற மொழியியல். ஆகவே மொழியியல் பயில்வோர் மிகுந்த இவ்விடத்திலேயே அதைச் சொல்லிவிடுவது முறை.

பெரியம்மா சிங்கப்பூரில் செவிலியாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். கப்பல் பயணம் அவருடைய ஒரே ஆடம்பரம். ஒரே நிறுவனத்தின் கப்பல்களில் எத்தனை இரவு தங்கினாரோ அத்தனை புள்ளிகள் அவர் பெயரில் சேர்ந்திருந்தன. பெருநிறுவனங்கள் எல்லாமே இப்படியொரு படிநிலை வைத்திருக்கின்றன. எடுத்துக்காட்டாக, ராயல் கரீபியன் நிறுவனத்தில் மூன்று புள்ளியில் தங்கம், 80 புள்ளியில் வைரம், 700 புள்ளியில் உச்சப் படி. ஓர் இரவுக்கு ஒரு புள்ளி, பேரறைக்கு இரண்டு. பெரியம்மாவின் கப்பல் வேறு. அதன் பெயர் இங்கு வேண்டா. அவர் எட்டியிருந்த படிக்குரிய சலுகைகள் மூன்று: வரிசையில் நிற்காமல் ஏறுதல், தனிக்கட்டண உணவகத்தில் ஒருவேளை விருந்து, ஒரு பை நிறையத் துணிகளைக் கட்டணமின்றி வெளுத்துத் தருதல். கடைசிச் சலுகையை அவர் பெரிதும் மதித்தார். வாழ்நாளெல்லாம் பிறருடைய படுக்கை விரிப்பை மாற்றியவருக்குத் தம் துணியைப் பிறர் மடித்து வைத்திருப்பதைக் காண்பதில் ஒரு நிறைவு இருந்தது. அதை நான் எள்ளமாட்டேன்.

எங்கள் மேசைக்குப் பரிமாறியவர் தென்தமிழகத்து இளைஞர். ஊர்ப் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். முதல்நாள் முழுதும் ஆங்கிலத்தில் 'மேடம்' என்றவர், நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்ட மறுகணம் பெரியம்மாவை 'அம்மா' என்றும் என்னை 'அக்கா' என்றும் அழைக்கத் தொடங்கினார். அதன்பின் பட்டியலில் இல்லாத மிளகு ரசம் பெரியம்மாவின் மேசைக்கு வந்தது. எங்கிருந்து வந்ததென்று நாங்கள் கேட்கவில்லை.

இறுதி இரவில் கணக்குச் சீட்டு அறைக் கதவின் இடுக்கில் செருகப்பட்டிருந்தது. அதில் 'கிராஜுவிட்டி' என ஒரு வரி: ஆளுக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று பெருக்கிய தொகை. அதன் கீழே சிறிய எழுத்தில், இது பயணியின் விருப்பத்துக்கு உட்பட்டது என்ற குறிப்பு. பெரியம்மாவுக்குத் தொகை உறுத்தவில்லை. உறுத்தியது எனக்கு. கேளாமலே கணக்கில் ஏறிய தொகையை மனமுவந்த கொடை என்பது சொல்லுக்குச் செய்யும் வன்முறை என்று தோன்றியது. கூடவே சட்டமும் நினைவுக்கு வந்தது. உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே ரசீதில் சேர்க்கலாகாது என்று மைய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அதை உறுதிசெய்தது. எறணாகுளத்து உணவகத்தில் பேசக்கூடிய இவ்வழக்கைக் கடல்நடுவே, வேற்றுநாட்டுக் கொடியின் கீழ், வரவேற்பு மேசையில் நின்று பேசினேன். மேசையில் இருந்த பெண் வாதிடவே இல்லை. ஒரு படிவம் தந்தார், கையொப்பமிட்டேன், தொகை நீங்கியது. சொற்பொருளியல் வென்றது என்ற பெருமிதத்தோடு உறங்கினேன்.

மறுநாள் காலையுணவின்போது பெரியம்மா அந்த இளைஞரின் கையில் ஒரு தாளை மடித்து வைத்தார். நீக்கிய தொகையைவிட அது அதிகம். நேரே உழைத்தவருக்கே கொடுப்பதுதான் நேர்மை என்பது எங்கள் எண்ணம். அவர் தயங்கினார்.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. அக்கா, இதை நான் வச்சுக்க முடியாது. கணக்குல எடுத்துட்ட ரூம் நம்பரெல்லாம் எங்க சூப்பர்வைசர்கிட்ட வந்துரும். அந்த ரூம்காரங்க கையில குடுத்தா பொதுவுலதான் போடணும்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "கமெண்ட் கார்டுல என் பேரை மட்டும் எழுதிருங்க, அக்கா. எக்ஸலன்ட்னு டிக் பண்ணுங்க. குட்னு போட்டா எங்களுக்கு அது ஃபெயில்" என்றார்.

'நன்று' என்பதற்குத் 'தோல்வி' என்று பொருள்படும் அளவுகோலை எந்த அகராதியிலும் நான் கண்டதில்லை. பெரியம்மா என்னைப் பார்த்து, "போய் மறுபடியும் போட்டுடச் சொல்லு, கண்ணு" என்றார். போனேன். பயணிகள் கணக்கு காலை ஆறு மணிக்கே மூடப்பட்டிருந்தது. நான் அகற்றியது ஒரு சொல்லை என்று எண்ணியிருந்தேன். அகன்றது ஒருவருடைய ஊதியத்தின் ஒரு பகுதி.

இனி அச்சொல்லுக்கு வருகிறேன். ஒரே 'கிராஜுவிட்டி' நமக்கு முற்றிலும் வேறான ஒன்று. இந்தியாவில் அது 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த உரிமை: ஐந்தாண்டு தொடர்ந்து பணிசெய்தவர் விலகும்போது, ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம் என்று கணக்கிட்டு முதலாளி தரவேண்டியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, குறித்த காலப் பணியாளர்க்கு அதனை ஓராண்டாகக் குறைத்திருக்கிறது. தமிழில் பணிக்கொடை என்கிறோம். பெயரில் 'கொடை' இருந்தாலும் வழக்காடிப் பெறக்கூடிய கடன் அது. கப்பலில் அதே ஆங்கிலச் சொல்லின்கீழ் கொடுப்பவர் மாறிவிடுகிறார். தருவது முதலாளி அல்லர், விருந்தினர். உரிமை அன்று, விருப்பம். வழக்காட இடமில்லை, புன்னகைக்க மட்டுமே இடமுண்டு.

இவ்வகைச் சொற்கள் நம்மிடம் நிறைய உண்டு; ஒவ்வொன்றும் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே உள்ள படியின் உயரத்தைக் காட்டும். இனாம் மேலிருந்து கீழே வருவது. ஒருகாலத்தில் நிலமாகவே வந்தது. சன்மானம் மதிப்போடு சேர்ந்தது. இதழ்கள் எழுத்தாளருக்குத் தருவது. பேட்டா ஓட்டுநரின் ஒருநாள் உணவுக்கானது; வாடகை பேசும்போதே பேசி முடிக்கப்படும். 'டீ செலவுக்கு வச்சுக்க' என்பது தொகையின் சிறுமையை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் தொடர். செர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் இதனைக் 'குடிப்பதற்கான காசு' என்றே வழங்குகின்றனர். இவை அனைத்திலும் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது மாமூல். அரபியில் 'வழக்கமானது' என்பதற்கு மேல் அதில் குற்றம் ஏதுமில்லை. வழக்கமாகத் தரப்படுவது எதிர்பார்க்கப்படுவதாகி, பின் தராமல் தப்பமுடியாததாகித் தமிழில் இன்று கையூட்டைக் குறிக்கிறது. கப்பலின் கொடையும் இதே பாதையில்தான் நடந்திருக்கிறது. ஒரு வேறுபாடு: மாமூல் வாங்குபவர் அதிகாரம் உடையவர். இங்கே அதிகாரம் உடையவர் வாங்குவதில்லை, வாங்கச் செய்கிறார்.

இந்தக் கொடை எவ்வாறு ரசீதில் ஏறியது என்பது உணவுக்கூடத்தோடு தொடர்புடையது. முன்பெல்லாம் பயணம் முழுதும் ஒரே மேசை, ஒரே நேரம், ஒரே பரிமாறுநர். இறுதி இரவில் உறையில் இட்டுக் கையில் தருவர். தருபவருக்கு முகம் தெரியும். 2000-ஆம் ஆண்டையொட்டி நார்வீஜியன் நிறுவனம் விரும்பிய நேரத்தில் விரும்பிய இடத்தில் உண்ணலாம் என்ற முறையைக் கொணர்ந்தது, பிறரும் பின்பற்றினர். நாளுக்கொரு மேசை என்றானபின் உறையை யாரிடம் தருவது? எனவே தொகை நாள்வாரியாகக் கணக்கில் ஏறியது, பொதுத் தொகுப்பாயிற்று, அறை துடைப்பவர், பாத்திரம் கழுவுபவர் எனப் பயணி காணாதவர்களுக்கும் அதிலிருந்து பங்கு. கேட்பதற்கு முந்தையதைவிட நியாயமாகவே இருக்கிறது. இன்று அமெரிக்கச் சந்தையின் பெருநிறுவனங்களில் இது சாதாரண அறைக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர். மதுவுக்கும் தனிக்கட்டண உணவுக்கும் தனியே 18 அல்லது 20 விழுக்காடு.

நாள்தோறும், அறைதோறும், குறித்த தொகையாய், பகிர்வு விதிகளோடு வருவதற்குப் பெயர் ஊதியம். அதைக் கொடை என்று அழைப்பதால் யாருக்கு என்ன பயன்? விளம்பரத்தில் பயணக் கட்டணம் குறைவாகத் தெரிகிறது. அதைவிட முக்கியம், ஊதியத்தின் ஏற்ற இறக்கம் நிறுவனத்திடமிருந்து பணியாளரின் தோளுக்கு மாறிவிடுகிறது. என்னைப் போன்ற ஒரு சொல்லாராய்ச்சிக்காரி ஒரு கையொப்பத்தில் அதைக் கலைக்க முடிகிறது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் 2015-இல் ஏற்றது. அதையொட்டித் திறன்மாலுமிக்குப் பரிந்துரைக்கப்பட்ட குறைந்தபட்ச அடிப்படை ஊதியம் 2025-ஆம் ஆண்டில் மாதம் 673 டாலராக இருந்தது. அந்த எண் திறன்மாலுமிக்கு உரியது. பரிமாறுநருக்கு அத்தகைய எண் அதில் இல்லை. வேலைநேரமோ வாரத்துக்கு 72 மணிவரை அனுமதி.

மட்டாஞ்சேரியில் ஆய்வு செய்பவர் இதைப் பேசும்போது சாப்பாவை மறக்கவியலாது. 1962 வரை கொச்சித் துறைமுகத்தில் அன்றைய வேலைக்கு ஆளெடுக்கும் முறை அது: உலோக வில்லைகளைத் திரண்டு நிற்கும் கூட்டத்துக்குள் வீசுவர், தொழிலாளர் அடித்துப்பிடித்துப் பொறுக்குவர், வில்லை கிட்டியவருக்கு அன்று வேலை. இதனை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச்சூடு நடந்து தொழிலாளர் உயிரிழந்தனர். ராஜீவ் ரவியின் 'துறமுகம்' திரைப்படம் (2023) வாயிலாக இவ்வரலாற்றை இளையோர் பலர் அறிந்தனர். கப்பலின் புன்னகையையும் வீசப்பட்ட வில்லையையும் ஒன்றென்று சொல்லவில்லை. அந்த இளைஞரே சிரிப்பார். எனினும் உழைப்பின் பலன் தருபவரின் கையசைப்பைப் பொறுத்தது என்ற ஏற்பாட்டை உடைக்கத்தான் அத்தெருவில் மனிதர் மாண்டனர். அதே கேரளத்தில் உழைக்காமலே பெறும் நோக்குகூலியை அரசு 2018 மே 1 முதல் ஒழித்ததாக அறிவித்தது. உழைத்தும் கூலி என்ற பெயர் பெறாத இதனைப் பற்றி யாரும் பேசுவதில்லை; கடலில் நடப்பதால் இருக்கலாம்.

என் கருத்து எளியது. தொகையை எதிர்ப்பின் அடையாளமாக நீக்குவது தவறு. அடி விழுவது கீழே இருப்பவர்மீது. தொகையைப் பயணக் கட்டணத்துக்குள் சேர்த்து, ஒப்பந்தத்தில் ஊதியம் என்று எழுதவேண்டும். இயலாததன்று: பிரித்தானியாவின் பீ அண்ட் ஓ நிறுவனம் 2019-இல் தனிக்கொடையைக் கைவிட்டுக் கட்டணத்துக்குள் சேர்த்தது. இவ்வாறு சேர்த்தபின் நிறுவனம் தன் பங்கைக் குறைத்துவிடும் என்ற அச்சம் பணியாளரிடையே உண்டு. அந்த இளைஞரும் அதைத்தான் சொன்னார். அவ்வச்சம் பொருளற்றதன்று. அதனால்தான் கட்டணத்தில் சேர்த்தால் போதாது, ஒப்பந்தத்தில் எண்ணாக எழுதவேண்டும் என்கிறேன். விசுவாசப் புள்ளிகளின் விதிகளை இரவுக் கணக்கில் துல்லியமாக எழுதத் தெரிந்தவர்களுக்கு இது கடினமாக இராது. பெரியம்மாவின் ஒவ்வோர் இரவும் எண்ணப்பட்டு, அடுத்த பயணத்துக்குத் தொடர்கிறது. அதே கப்பலில் அவரைவிட அதிக இரவுகள் உறங்கிய பரிமாறுநரின் கணக்கு, ஒப்பந்தம் முடியும் ஒவ்வொரு முறையும் சுழியத்துக்குத் திரும்புகிறது.

திரும்பி வந்த வாரம் களப்பணிக்காக வேளியில் உள்ள தோபிக்கானாவுக்குச் சென்றேன். டச்சுக்காரர் காலத்தில் படையினரின் உடை வெளுக்கத் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் வண்ணார் குடும்பங்கள் அங்கே இன்றும் கல்லில் துவைத்துக் கயிற்றில் உலர்த்துகின்றனர். அவர்களுடைய தமிழில் மலையாளம் எங்கெங்கே கலக்கிறது என்பதுதான் என் மூன்றாம் இயல். பெரியம்மாவின் இலவசச் சலவைப் பையைப் பற்றி அங்கே ஒரு மூதாட்டியிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப தொவச்சவனுக்கு யாரு குடுத்தா?"

என்னிடம் விடை இல்லை. அடித்தளத்துச் சலவைக்கூடத்தை நாங்கள் பார்க்கவே இல்லை. அவரிடம் நானும் துணி போடுகிறேன்; உருப்படிக்கு இவ்வளவு என்று சொல்வார், எண்ணி வாங்குவார். அதற்கு அவர் வழங்கும் சொல் கூலி.

உங்கள் வட்டாரத்தில் ஊதியத்துக்கு மேல் தரப்படும் சிறுதொகைக்கு என்ன சொல் வழங்குகிறது, அதை யார் யாருக்குத் தருவர் என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஈழம், மலேசியா, சிங்கப்பூர் வழக்குகள் கிடைத்தால் மிக உதவும்.