நொய்டா இரட்டைக் கோபுரம்: விசாரணை எட்டாத இடம்

உத்தரப் பிரதேச மாநிலம் நொய்டாவில் சூப்பர்டெக் நிறுவனம் எழுப்பிய இரட்டைக் கோபுரங்கள் 2022 ஆகஸ்ட் 28-ஆம் தேதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. பக்கத்துக் குடியிருப்புக் கட்டடத்துக்கும் கோபுரத்துக்கும் இடையே 16 மீட்டர் தேவைப்பட்ட நிலையில், 9 மீட்டர் மட்டுமே விடப்பட்டிருந்தது. நொய்டா ஆணைய அதிகாரிகள் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து விதிகளை மீறியதாக 2021 ஆகஸ்ட் 31-இல் உச்ச நீதிமன்றம் தெரிவித்தது.

இதையடுத்து மாநில அரசு அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழு, ஆணையத்தின் 26 அதிகாரிகளைக் குற்றம்சாட்டியது. அவர்களில் 20 பேர் அப்போதே ஓய்வு பெற்றிருந்தனர், இருவர் உயிரிழந்திருந்தனர். பணியில் இருந்தவர்கள் நால்வர்தான். விசாரணை தாமதமானால் துறை நடவடிக்கைக்கு ஆளே மிஞ்சுவதில்லை.

அந்தப் பட்டியலில் அமைச்சர் எவரும் இல்லை. கட்டட வரைபடங்களுக்கு 2005 முதல் 2012 வரை ஒப்புதல்கள் வழங்கப்பட்டன. அக்காலத்தில் லக்னோவில் முதலில் சமாஜ்வாதி, பின்னர் பகுஜன் சமாஜ் கட்சிகள் ஆட்சியில் இருந்தன. நொய்டாவுக்கோ தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி கிடையாது; ஆணையத்தின் தலைமைச் செயல் அதிகாரியை மாநில அரசே நியமிக்கிறது. கட்டட அனுமதி குறித்து மன்றத்தில் கேள்வி எழுப்பக் கவுன்சிலர்கள் இல்லாத நகரில், குடியிருப்போர் சங்கத்துக்கு 2012-இல் எஞ்சிய வழி அலகாபாத் உயர் நீதிமன்றம்தான். அங்கு தொடங்கிய வழக்கு கோபுரங்களை வீழ்த்துவதற்குப் பத்தாண்டுகள் பிடித்தன.