கடற்கரை மாலையும் குழந்தையின் வினாவும்

பிள்ளைகளுக்கு என்னென்ன வாங்கித் தந்தோம் என்பதற்கு நம்மிடம் கணக்கு உண்டு. எத்தனை மாலைப் பொழுதுகளை அவர்களுக்கெனக் கொடுத்தோம் என்பதற்குக் கணக்கு உண்டா? வாங்கிய பொம்மை உடைந்துபோகும். தைத்த சட்டை ஓராண்டில் சிறிதாகிவிடும். கைப்பிடித்து அழைத்துச் சென்ற ஒரு மாலையோ அவர்களது முதுமை வரை உடன் வரும்.

சென்னை மெரினாவை எண்ணிப் பாருங்கள். ஆளுநர் கிராண்ட் டஃப் காலத்தில், 1880களில், இங்கு உலாச்சாலை அமைந்து இப்பெயரும் ஏற்பட்டது. செல்வரும் வறியவரும் ஒரே மணலில் அமரும் இடம் இது. நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே ஒரு மாலை நம் பேத்தியையும் பேரனையும் அழைத்துச் சென்றோம். அவளுக்கு வயது எட்டு; அவனுக்கு ஐந்து.

மணலில் நடந்து களைத்த பேத்தி, "கடல் ஏன் இவ்வளவு தூரத்தில் இருக்கிறது?" என்று கேட்டாள். அந்நேரம் பார்த்துக் கைப்பேசி ஒலித்தது. "பேசாமல் நட" என்று சொல்லிவிட்டு நாம் பேசத் தொடங்கினோம். பேசி முடித்துத் திரும்பியபோது, அவள் கேட்பதையே விட்டிருந்தாள். அந்த மௌனம் நம்மைச் சுட்டது.

உடனே மணலில் அமர்ந்து விரலால் ஒரு கோடு கிழித்தோம். 1870களில் தொடங்கி, வடக்கே துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் எழுப்பினார்கள், தெற்கிலிருந்து வடக்காக அலைகள் இழுத்துச் செல்லும் மணல் அச்சுவரால் தடைப்பட்டு இப்பக்கம் சேர்ந்தது, கரை அகன்றது, அதனால்தான் இத்தனை நடை என்றோம். அவள் கோட்டையே உற்று நோக்கினாள். "அப்படியானால் சுவருக்கு அந்தப் பக்கம் மணல் இருக்காதே?" என்றாள். ஆம், அதுவே உண்மை! இராயபுரம் பக்கம் கரையைக் கடல் அரித்ததும், பாறைகளைக் கொட்டித் தடுத்ததும் அதனால்தான். எட்டு வயதுச் சிறுமி, யாரும் சொல்லாமலே அதனைக் கண்டுகொண்டாள். "பேசாமல் நட" என்பதோடு நிறுத்தியிருந்தால் நாம் இழந்திருக்கக்கூடியது இதுதான்.

திரும்பும் வழியில் சிலைகள் நின்றன. அவற்றுள் பல, 1968இல் சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்டவை. வள்ளுவரை அடையாளம் கண்ட பேரன், கால்டுவெல்லைக் காட்டி, "இவர் நம் ஊர்க்காரரா?" என்றான். அயர்லாந்தில் பிறந்தவர், தமிழ் கற்று, தமிழுக்கும் அதன் இனமொழிகளுக்கும் ஒப்பிலக்கணம் எழுதியவர் என்றோம். "அவருக்குத் தமிழ் சொல்லித் தந்தது யார்?" என்பது அடுத்த வினா. அதற்கு விடை சொல்ல நாம் நூல்களைத் தேட வேண்டியதாயிற்று. இலக்கிய வரலாற்றுக்கு இதைவிட நல்ல தொடக்கம் வகுப்பறையில் கிடைக்குமா?

நேரம் இல்லை என்பார் சிலர். தனிப்பயிற்சி, வீட்டுப்பாடம், அலுவலகக் களைப்பு எல்லாம் உண்மையே. ஆயினும் கிழமைக்கு ஒரு மாலையை ஒதுக்க முடியாத வீடு மிகக் குறைவு. கேளிக்கைப் பூங்காக்களை நாம் பழிக்கவில்லை. அங்கே மகிழ்ச்சி உண்டு. எனினும் அங்கே குழந்தையோடு விளையாடுவது பொறி. நாம் வெளியே காத்து நிற்கிறோம். கடற்கரைக்கே சென்றாலும், கண் கைப்பேசியில் இருந்தால் பயன் என்ன? உடல் அருகிலும் உள்ளம் தொலைவிலும் இருப்பதைக் குழந்தை எளிதில் அறிந்துகொள்ளும்.

முதியோர்களே! 2022இல் மாற்றுத்திறனாளிகளுக்கென மெரினாவில் மரப்பாதை அமைந்தது. சக்கர நாற்காலியில் இருப்பவரும் அலைக்கருகே செல்ல வழி பிறந்தது. இத்தகைய வாய்ப்புகளைப் பயன்படுத்திப் பேரப்பிள்ளைகளோடு செல்லுங்கள். நீங்கள் கண்ட ஊரை அவர்களுக்குச் சொல்லுங்கள். மாணவர்களே! தம்பி தங்கையரை நீங்களும் அழைத்துச் செல்லலாம். அலை இழுக்கும் கடல் அது. பிடித்த கையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஊர் எதுவாயினும் ஓர் ஆற்றங்கரையோ ஏரிக்கரையோ அருகில் இருக்கும். பொட்டலம் சுண்டலும் அவசரமற்ற இரண்டு மணி நேரமும் போதும். குழந்தை கேட்டால் நின்று விடை சொல்வோம். தெரியாவிடில், "சேர்ந்து தேடுவோம்" என்போம். பிற்காலத்தில் அவர்கள் நினைவில் நாம் நிற்பது, நின்று விடை சொன்ன அந்த மாலைகளில்தான்.