கறுப்பெழுத்தின் மேல் ஏற்றிய பழி

ஹிட்லரைப் பற்றி ஒரு நூல் வருகிறதென்றால், அட்டைத் தலைப்பு எந்த எழுத்துருவில் இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். ஒடித்த கோடுகளும் கூர்முனைகளுமாகக் கறுத்து நிற்கும் பிளாக்லெட்டர். நாஜி எழுத்து என்று அதற்கு முத்திரை குத்தியாகிவிட்டது.

ஆட்சிக்கு வந்த புதிதில் நாஜிகள் அதைக் கொண்டாடியது உண்மை. ஆனால் 1941 ஜனவரி 3 அன்று நாஜிக் கட்சியின் உயர் நிர்வாகி மார்ட்டின் போர்மன் கையெழுத்திட்ட சுற்றறிக்கை அதை ஒதுக்கித் தள்ளியது. அவ்வெழுத்து யூதர்களுடையது என்று காரணம் சொன்னார்கள், அப்பட்டமான பொய். அந்த அறிக்கைத் தாளின் தலைப்பில் கட்சியின் பெயரே பிளாக்லெட்டரில்தான் அச்சாகியிருந்தது.

அதன் வயதோ ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல். 1455 வாக்கில் மைன்ஸ் நகரில் குட்டன்பர்க் அச்சிட்ட 42 வரி பைபிள் இந்தக் குலத்து எழுத்தில் வந்தது. 1522இல் லூத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாடும் அப்படியே. தரங்கம்பாடியிலிருந்து ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்க் எழுதியனுப்பிய அறிக்கைகளை ஜெர்மனியின் ஹாலே நகரத்து அச்சகம் இந்த எழுத்தில்தான் வெளியிட்டது. 1713இல் தரங்கம்பாடிக்குக் கப்பலில் வந்து சேர்ந்த தமிழ் அச்செழுத்துகளை வார்த்ததும் அதே ஹாலேதான்.

எழுத்துரு வடிவமைப்பாளர் ருடால்ஃப் கோஹ் 1920களில் ஓஃபன்பாஹ் நகரின் கிளிங்ஸ்போர் வார்ப்பகத்துக்காக வரைந்த 'வில்ஹெல்ம் கிளிங்ஸ்போர்' எழுத்துருவை நிதானமாகப் பார்க்க வேண்டும். பட்டை முனைப் பேனாவால் எழுதிப் பழகிய கை அது. சிற்றெழுத்துகள் நெருக்கமாக, செங்குத்தாக நிற்கின்றன. எழுத்துக்குள் இருக்கும் வெள்ளையும் எழுத்துக்கு எழுத்து விட்ட வெள்ளையும் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் ஒரு சொல் நெய்த துணிபோல் ஒரே சீராகத் தெரிகிறது. பெரிய எழுத்துகளிலோ தடித்த கோட்டை ஒட்டியே மயிரிழைக் கோடுகள் ஓடுகின்றன. அந்தக் கறுப்புக்குள் இவ்வளவு நளினமா என்று இப்போதும் வியக்கிறோம்.

இந்த நளினம் சிறிய அளவில் செத்துப்போகும். மயிரிழைகள் அடைத்துக்கொள்ளும். ஆகவே தலைப்புக்கும், இதழின் பெயருக்கும், ஓர் அத்தியாயத்தின் முதல் எழுத்துக்கும்தான் இது பொருந்தும். 'நியூயார்க் டைம்ஸ்' தன் பெயரை மட்டும் இதில் வைத்துக்கொண்டு செய்தியை வேறு எழுத்தில் கோப்பது சரியான கணிப்பு. முழுச் சொல்லையும் பெரிய எழுத்துகளில் கோப்பது பெரும் பிழை. அவை சொல்லின் தொடக்கத்தில் தனியாக நிற்பதற்கென்றே வரையப்பட்டவை. வரிசையில் நிறுத்தினால் ஒன்றையும் படிக்க முடியாது. இடைவெளியை அகட்டினாலும் அந்த நெசவு பிரிந்துவிடும். இன்று நாம் காணும் அலங்கோலங்களில் பாதி இந்த இரண்டு காரியங்களால் வந்தவை.

அட்டை வடிவமைக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். கொடுங்கோலன் படத்துக்குப் பக்கத்தில் மட்டும் இந்த எழுத்தைத் தேடாதீர்கள். ஜெர்மன் கவிதையின் மொழிபெயர்ப்புக்கோ, அச்சுக்கலை வரலாற்றுக்கோ, பாஹின் இசை பற்றிய நூலுக்கோ ஒருமுறை எடுத்து வைத்துப் பாருங்கள்.

- ஆசிரியர்