வாலில்லாத ழகரம்

செப்டம்பர் 17-ஆம் தேதியை ஒட்டி வரும் விசுவகர்ம பூஜையன்று, கொல்கத்தாவின் சைக்கிள்கள் மாலை அணிந்து நிற்பதை நேயர்கள் கண்டிருப்பார்கள். சில வாரங்கள் சென்றால் நமது ஆயுத பூஜை. ஆகவே இந்நகரத்துத் தமிழர் வீட்டுச் சைக்கிளுக்கு ஆண்டில் இருமுறை சந்தனமும் குங்குமமும் கிடைத்துவிடுகின்றன. பாக்கியசாலியான வண்டி!

பூஜை மாலை மறுநாளே வாடிவிடும். நாம் பேசப் புகுந்ததோ, வண்டியின் உடம்போடு ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நிலைத்துவிடும் அலங்காரத்தைப் பற்றி. 1951-இல் சோனிபட்டில் அட்லஸும், 1956-இல் லூதியானாவில் ஹீரோவும் தோன்றின. அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வந்தது. வங்காளத்தில் ஆஸன்ஸோலுக்கு அருகே சென்-ராலே தொழிற்சாலை இருந்தது. பெயர்கள் வேறாயினும் உருவம் ஏறக்குறைய ஒன்றே: கறுப்புச் சட்டம், கம்பி பிரேக், பின் மட்கார்டில் ஒரு வெள்ளைப் பட்டை. நூறு வண்டிகள் வரிசையாய் நிற்குமிடத்தில் தன் வண்டியைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஆகவே அடையாளம் தேவையாயிற்று. அடையாளம் வைக்கத் தொடங்கியவனுக்கு அலங்காரத்தில் ஆசை பிறந்தது. சக்கரக் கம்பிகளில் வண்ண மணிகள், அச்சைச் சுற்றிச் சுழன்று அதைத் துடைத்துக்கொண்டேயிருக்கும் நூல் வளையம், கைப்பிடியில் தொங்கும் குஞ்சங்கள், குஞ்சம் வைத்த சீட்டு உறை என்று அது வளர்ந்தது. இவற்றுள் நூல் வளையம் ஒன்றுதான் அழகோடு வேலையும் செய்வது என்பது நம் அபிப்பிராயம். மணிகள் எழுப்பும் சப்தத்தைப் பற்றி நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை.

நம் தகப்பனாருக்கு இந்த ஆடம்பரங்களில் நாட்டமில்லை. 1964-இல் அவர் வாங்கிய வண்டி ஆஸன்ஸோலில் செய்தது. அலுவலகத்துச் சைக்கிள் வரிசையில் இருமுறை வேறொருவர் வண்டியை உருட்டிவந்து அவமானப்பட்ட பிறகு, குறுக்குச் சட்டத்தில் தம் ஊரின் பெயரை எழுதுவிக்கத் தீர்மானித்தார். விளம்பரப் பலகை எழுதும் வங்காளி ஓவியரிடம், "சோழவந்தான்" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். தமிழ் அறியாத அம்மனிதர் ஒவ்வோர் எழுத்தையும் படம்போல் பார்த்து, மஞ்சள் எனாமலில் மிக அழகாக எழுதினார். ஆனால் சட்டத்தின் வளைவில் இடம் போதாமையால் ழகரத்தின் வாலை விட்டுவிட்டார். ஊர் "சோமவந்தான்" ஆகிவிட்டது! "சோமன் வந்தானா?" என்று நண்பர்கள் கேலி செய்வார்கள்; "வந்து இங்கேயே தங்கிவிட்டான்" என்பார் தகப்பனார். அவர் அதைத் திருத்தவேயில்லை.

வண்டி இவ்வாண்டு நம் மகன் கைக்கு வந்தது. சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தமிழ் கற்றவன் ஆகையால் பிழையை உடனே கண்டுகொண்டான்.

"அப்பா, ஒரு வால் போட்டுவிட்டால் சரியாகிவிடும். மஞ்சள் வர்ணம் வாங்கி வரட்டுமா?"

நாம் வேண்டாம் என்றோம். "தப்பு தப்புதானே அப்பா? தமிழைத் தப்பாக எழுதக்கூடாது என்று சொல்வதும் நீங்கள்தானே?" என்றான். நமக்கு விடை தோன்றவில்லை. உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த நம் தாயார், "வாலை ஒட்டிவிட்டால் அது வேறு யாருடைய வண்டியோ ஆகிவிடும். நீ உனக்கு வேண்டியதை வேறு இடத்தில் எழுதிக்கொள்" என்றார்.

அவனும் அப்படியே செய்தான். குறுக்குச் சட்டத்தைக் காகிதம் சுற்றி மறைத்துவிட்டு, மற்றப் பகுதிகளை உப்புத்தாளால் தேய்த்துப் பச்சை வர்ணம் அடித்தான். (வர்ணம் அடிக்க எண்ணும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை: துருவை முற்றிலும் நீக்காமல் மேலே பூசினால், வர்ணம் விரைவில் பெயர்ந்துவிடும். சீட்டுக்குக் கீழேயோ பெடல் அச்சின் அடியிலோ பொறித்திருக்கும் எண்ணைத் தடித்த வர்ணத்தால் மூடிவிடாதீர்கள். வண்டி களவு போனால் அதுவே சாட்சி.) பிறகு செயின் கவரில், வெள்ளை வர்ணத்தில், தன் பெயரைத் தானே எழுதினான். தமிழில் அன்று, வங்காளத்தில்.

நமக்கு முதலில் சற்று வருத்தமே. "என் சிநேகிதர்களுக்குப் படிக்கத் தெரியவேண்டாமா?" என்றான். தகப்பனார் காலத்தில் அலுவலகத்தில் எவருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தே நல்ல அடையாளமாக இருந்தது. இவனுக்கோ எல்லோரும் படிக்கவேண்டும். இந்த வித்தியாசத்தை நாம் இரண்டு நாட்கள் மனத்தில் புரட்டிப் பார்த்தோம். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆயுத பூஜையன்று நம் தாயார் சந்தனக் கிண்ணத்துடன் வந்தார். குறுக்குச் சட்டத்து மஞ்சள் எழுத்துக்களுக்கு அருகில் ஒரு பொட்டு வைத்தார். பிறகு மெல்லக் குனிந்து செயின் கவரைப் பார்த்து, "இது என்ன எழுத்தப்பா? எங்கே, எனக்குப் படித்துக் காட்டு" என்று பேரனைக் கேட்டார். அவன் விரல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் படித்துக் காட்டினான்.