வெத்து வேட்டு என்று நினைக்காதீர்!

"சும்மா சத்தம் போடுவான், வெத்து வேட்டு!" என்று ஆளைச் சொல்லலாம். துப்பாக்கியைச் சொல்லக் கூடாது!

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரை இன்றும் மைதானங்களில் நடித்துக் காட்டுகிறார்கள். கெட்டிஸ்பர்க்கில் ஜனம் திரண்டு வந்து பார்க்கிறது. நீல உடுப்பு ஒரு பக்கம், சாம்பல் உடுப்பு மறுபக்கம். டமார், டுமீல்! துப்பாக்கியில் மருந்து உண்டு, குண்டு கிடையாது.

குண்டே இல்லையே, அப்புறம் என்ன பயம் என்கிறீர்களா?

மருந்து வெடித்ததும் சூடான வாயு குழல் வழியே சீறிப் பாய்கிறது. கிட்டத்தில் நின்றால் அதுவே குண்டு! 1984-ல் ஜான் எரிக் ஹெக்சம் என்ற டெலிவிஷன் நடிகர், வெற்றுத் தோட்டா போட்ட ரிவால்வரை விளையாட்டாக நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். மண்டை ஓடு உடைந்தது. ஆறாம் நாள் ஆள் இல்லை!

1993-ல் புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ. வயது 28. ஷூட்டிங்கில் முன்பு போட்ட டம்மி தோட்டாவின் குண்டு குழலில் சிக்கிக் கிடந்தது. யாரும் பார்க்கவில்லை. பிறகு போட்ட வெற்றுத் தோட்டா அதைத் தள்ளியது. அவர் வயிற்றில் பாய்ந்தது. பரிதாபம்!

பழைய துப்பாக்கி என்றால் ஆபத்து இரட்டிப்பு. கரிமருந்துக்காகச் செய்த குழல், இந்தக் காலப் புகையில்லா மருந்தைத் தாங்காமல் வெடிக்கலாம். தானாகத் தோட்டா மாற்றிக்கொள்ளும் ரகத்தில், குண்டு இல்லாவிட்டால் அழுத்தம் போதாது. ஆகவே குழல் வாயைக் குறுக்கி அடைக்கிறார்கள். தவறி நிஜத் தோட்டா போய்விட்டால் துப்பாக்கியே சிதறும்!

போர் நடிப்பவர்களிடம் நல்ல கட்டுப்பாடு உண்டு. மருந்தைக் கொட்டுவதோடு சரி. பெரும்பாலான இடங்களில் இடிகோலை வெளியே எடுக்கவே கூடாது. அவசரத்தில் குழலுக்குள் மறந்துவிட்டால் ஈட்டி மாதிரி பறக்குமே! சுடும்போது ஆளுக்கு நேராகப் பிடிப்பதும் இல்லை.

நம்மூரிலும் தாத்தா காலத்துத் துப்பாக்கியை லேத் பட்டறையில் கொடுத்து, "சத்தம் மட்டும் வந்தால் போதும்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் குழலை வெட்டிக் குறைப்பதே குற்றம். நாடகமோ, சினிமாவோ, விவரம் தெரிந்த ஒருவர் பொறுப்பில்தான் துப்பாக்கி இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் குழலைப் பார்த்த பிறகே நடிகர் கையில் தர வேண்டும்.

ஒரு நிமிஷ வேலை. அதைச் செய்யச் சோம்பல்பட்டால் போவது உயிர்!

பழைய போரை நடிக்கட்டும். புதுச் சாவு வேண்டாம்!