தன்மீதே எழுதிய மொட்டைக் கடிதம்

1924 பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கச் சில வாரங்களே இருந்தன. லண்டன் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் ஒரு கடிதம் வெளியானது. ஆப்ரகாம்ஸ் என்ற வீரரை ஓட்டப் பந்தயங்களோடு நீளம் தாண்டுதலுக்கும் சேர்த்துத் தேர்வு செய்தது தவறு என்று தேர்வுக் குழுவைச் சாடியது அந்தக் கடிதம். எழுதியவர் பெயர் இல்லை. 'புகழ்பெற்ற சர்வதேச வீரர்' என்று மட்டும் கையொப்பம். எழுதியது வேறு யாருமல்ல, அதே ஹாரல்ட் ஆப்ரகாம்ஸ்தான்!

அரசு அலுவலகத்தில் காலம் தள்ளிய எனக்கு மொட்டைக் கடிதம் புதிதல்ல. எத்தனையோ பார்த்திருக்கிறேன். எல்லாம் அடுத்தவர் மேல் எழுதியவை. தன்மேல் தானே எழுதிக்கொண்டவர் ஒருவரைக்கூட நான் கண்டதில்லை. அதனால்தான் இவரைப் பற்றி எழுதத் தோன்றியது.

ஆப்ரகாம்ஸ் 1899இல் இங்கிலாந்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கான்வில் அண்ட் கீஸ் கல்லூரி மாணவர். 1920இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்குப் போய், பதக்கம் இல்லாமல் திரும்பினார். பிறகு சாம் முசாபினி என்ற பயிற்சியாளரைச் சம்பளம் கொடுத்து அமர்த்திக்கொண்டார். காசு கொடுத்துப் பயிற்சி பெறுவது கனவான்களுக்கு அழகல்ல என்று பல்கலைக்கழகத்தார் முகம் சுளித்த காலம் அது.

நீளம் தாண்டுதலில் அவர் சோடையில்லை. அந்த 1924 ஜூனில் அவர் தாண்டிய 7.38 மீட்டர், இங்கிலாந்தின் சாதனையாக 30 ஆண்டுகளுக்கு மேல் நின்றது. ஆனாலும் 100 மீட்டரில்தான் தங்கம் கிடைக்கும், மற்றதில் காலை வீணாக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கடிதம் பலித்தது. நீளம் தாண்டுதலிலிருந்து அவரை விடுவித்தார்கள். ஜூலை 7ஆம் தேதி பாரிஸை அடுத்த கொலோம்ப் மைதானத்தில் 10.6 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். ஒலிம்பிக் 100 மீட்டரில் வென்ற முதல் ஐரோப்பியர் அவரே.

1981இல் வந்த 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அதில் கல்லூரி முற்றத்தைச் சுற்றி அவர் ஓடும் காட்சி கற்பனை. அப்படி ஓட அவர் முயன்றதே இல்லை. படக் கதை தங்கப் பதக்கத்தோடு முடிந்துவிடுகிறது. எனக்கோ அதற்குப் பிந்தைய வாழ்க்கைதான் பெரிது.

மறு வருஷம் மே மாதம், எந்த நீளம் தாண்டுதலை வேண்டாம் என்றாரோ அதே பந்தயத்தில் கால் முறிந்தது. இருபத்தைந்து வயதில் ஓட்டம் முடிந்தது. வழக்கறிஞர் தொழிலோடு பேனாவையும் எடுத்தார். 'சண்டே டைம்ஸ்' இதழில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தடகளம் பற்றி எழுதினார். பி.பி.சி. வானொலியில் வர்ணனையும் செய்தார்.

அந்த வர்ணனைகளில் 1936 பெர்லின் ஒலிம்பிக் 1500 மீட்டர் பந்தயம் பேர்போனது. நியூசிலாந்தின் ஜாக் லவ்லாக் அவருடைய நண்பர். கடைசிச் சுற்றில் லவ்லாக் முன்னே பாய்ந்ததும், நடுநிலை எல்லாம் காற்றில் போய்விட்டது. ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நண்பன் பெயரைச் சொல்லிக் கூவித் தீர்த்துவிட்டார். லவ்லாக் 3 நிமிடம் 47.8 வினாடியில் உலக சாதனையோடு வென்றார்.

இது தவறா? நான் தவறு என்று சொல்ல மாட்டேன். நண்பன் ஜெயிக்கும்போது குரல் உயர்வது மனுஷ சுபாவம். கேட்பவருக்கும் அவர் யார் பக்கம் என்று தெரிந்துவிடுகிறது. ஆபத்து கூவுவதில் இல்லை, பேசவேண்டிய இடத்தில் வாய்மூடி இருப்பதில் இருக்கிறது.

அவர்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. பத்திரிகையில் எழுதிக்கொண்டே பிரிட்டிஷ் தடகள நிர்வாகத்திலும் பல ஆண்டுகள் பொறுப்பில் இருந்தார். கோப்பில் குறிப்பு எழுதியவரே அதைத் தணிக்கையும் செய்தால் எந்த அலுவலகமும் ஒப்புக்கொள்ளாது. விளையாட்டில் மட்டும் அது எப்படிச் சரியாகும்?

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இங்கே இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். கப்ரியேல் அனோ. பிரான்சுக்காக 12 சர்வதேசப் பந்தயங்களில் கால்பந்து ஆடியவர். விமான விபத்தில் காயம்பட்டு ஆட்டத்தை விட்டவர். பிறகு 'லெக்கிப்' நாளேட்டில் எழுதினார். அவருக்கும் இரண்டு நாற்காலி: எழுதிக்கொண்டே தேசிய அணியையும் நடத்தினார். 1949 ஜூனில் அதே கொலோம்ப் மைதானத்தில் ஸ்பெயினிடம் பிரான்ஸ் 5–1 என்று தோற்றது. அணியை நடத்துபவர் விலக வேண்டும் என்று பெயரில்லாத கட்டுரை ஒன்று 'லெக்கிப்'பில் வந்தது. எழுதியவர் அனோதான்! சொன்னபடி பொறுப்பை விட்டார், பேனாவை விடவில்லை. பின்னாளில் ஐரோப்பியக் கோப்பைப் போட்டி வேண்டும் என்று அதே பேனாவால் வாதாடினார். 1955இல் அது நடந்தும்விட்டது.

ஆடியவர்கள் எழுத வந்தால் நமக்கு என்ன லாபம்? கால் எப்போது வலிக்கும், மூச்சு எங்கே முட்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவை நமக்குச் சொல்லத்தானே அவர்களை அழைக்கிறோம்? இன்று தொலைக்காட்சி வர்ணனையில் முன்னாள் வீரர்களுக்குக் குறைவில்லை. ஆனால் மட்டமாக ஆடியவரையும் 'அவர் நாள் இதுவல்ல' என்று தடவிக்கொடுக்கிறார்கள். தேர்வுக் குழுவைப் பற்றி மூச்சு விடுவதில்லை. நேற்றுவரை ஒரே அறையில் உட்கார்ந்தவர்கள், நாளை வேறு பதவிக்குக் காத்திருப்பவர்கள், எப்படிப் பேசுவார்கள்? அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சம்பளம் யாரிடமிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அனோவைப் போல ஒரு நாற்காலியை விட்டு எழுந்திருக்க எல்லோராலும் முடியாது. குறைந்தபட்சம் எந்த நாற்காலியிலிருந்து பேசுகிறோம் என்றாவது சொல்லிவிட்டுப் பேசலாம். பணம் கொடுப்பது வாரியமா, நிலையமா என்று திரையில் ஒரு வரி போட்டால் போதும், மீதியை நாம் புரிந்துகொள்வோம்.

ஆப்ரகாம்ஸ் 1978 ஜனவரியில் மறைந்தார். ஓடியது சில ஆண்டுகள், எழுதியதும் பேசியதும் கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள். அவர் ஓட்டத்தைச் சினிமா எடுத்துவிட்டார்கள். அந்த மொட்டைக் கடிதத்தை இன்றைய வர்ணனையாளர்களுக்கு யாராவது படித்துக் காட்டினால் தேவலை.