நாணம் வேறு, நோயை மூடுதல் வேறு

இருமினால் சிறுநீர் கசிகிறது. தும்மினால் ஆடை நனைகிறது. ருகூவில் குனிந்தால் உளூ முறிகிறது. இதற்கு அஞ்சித் தொழுகையையே விட்டுவிட்ட தாய்மார்கள் நம் மஹல்லாக்களில் உண்டு. கருப்பை இறங்கி, ஸுஜூதிலிருந்து எழும்போதெல்லாம் ஏதோ சரிந்து வருவதாக உணர்ந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்வோரும் உண்டு. நம்மவர் அவர்களுக்குத் தரும் விடை இரண்டே. "பிள்ளை பெற்றவளுக்கு அப்படித்தான்" என்பது ஒன்று, "இதை வெளியே சொல்வது ஹயாவுக்கு அழகா?" என்பது மற்றொன்று. இரண்டும் பொய்.

ஹயாவைப் பற்றிப் பேசுவோர் ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்களை மறந்தார்களா? உதிரம் நிற்கவில்லை என்று அவ்வம்மையார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டார்கள். வெட்கமில்லையா என்ற சொல் அங்கே எழவில்லை. அது மாதவிடாயன்று, நரம்பிலிருந்து வருவது என்ற விளக்கமும், கழுவிக்கொண்டு தொழும்படியான கட்டளையுமே கிடைத்தன. மஃதூருக்குரிய சட்டங்கள் இத்தகைய வினாக்களின்மீதன்றோ எழுந்து நிற்கின்றன!

ஹனஃபி மத்ஹபில், ஒரு தொழுகை நேரம் முழுவதும், உளூச் செய்து ஃபர்ளை முடிக்கும் இடைவெளிகூட இன்றி ஒழுகுமானால் அவர் மஃதூர். நேரத்துக்கு ஓர் உளூ அவருக்குப் போதும். ஷாபிஈ மத்ஹபில், நேரம் வந்தபின் சுத்தம் செய்து, துணி வைத்துக் கட்டி, ஒவ்வொரு ஃபர்ளுக்கும் உளூச் செய்ய வேண்டும். இருமும்போது மட்டும் கசிபவர் இதில் சேரார்; அவர் மறுபடி உளூச் செய்துகொள்வார். எவருக்கும் தொழுகை நீங்கவில்லை. ஆனால், மதரஸாவில் மாணவன் மனனம் செய்யும் இந்த மஸ்அலா, அது தேவைப்படும் பெண்ணின் காதுக்கு எட்டுவதில்லை. எட்டினாலும், "நீ மஃதூர், போ" என்பதோடு பேச்சு முடிகிறது. சலுகை தொழுகைக்கு, நோய்க்கு மருந்து யார் தருவது? இப்னு சீனா தம் 'கானூன்' நூலில் சிறுநீர்க் கசிவையும் கருப்பை இறக்கத்தையும் மருத்துவப் பொருளாகவே வைத்து எழுதினார்.

சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் தூளித் துணிபோலத் தாங்கும் தசைகள் தளர்வதே இதன் மூலம். பல பிரசவங்கள், நீண்ட பிரசவ வேதனை, தீராத மலச்சிக்கல், உடற்பருமன், மாதவிடாய் நின்றபின் வரும் தளர்ச்சி, ஓயாத பாரச் சுமை ஆகியவை காரணங்கள். மாத்தூரில் லாரித் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றி மாடிப்படி ஏறுகிறவளிடம் "வயதாகிவிட்டது" என்பது என்ன நியாயம்? நாள்பட்ட இருமலும் ஒரு காரணம். மணலியின் ஆலைக் காற்றைச் சுவாசிக்கும் நமக்கு அதைச் சொல்லவும் வேண்டுமோ!

கண்டறிவது கடினமன்று. மருத்துவர் விசாரிப்பார், உடலைச் சோதிப்பார், இருமச் சொல்லிப் பார்ப்பார், சிறுநீரில் கிருமியும் இரத்தத்தில் சர்க்கரையும் உண்டா என்று பார்ப்பார். இருமலில் கசிவது ஒரு வகை, அடக்க முடியாத அவசரத்தில் கசிவது வேறு வகை, சிகிச்சையும் வேறு. பின்னதற்கு, கழிக்கும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டும் பயிற்சியும் மாத்திரையும் உண்டு. முன்னதற்கு, அமெரிக்க மருத்துவர் கெகல் 1948-இல் எழுதிய தசைப் பயிற்சி இன்றும் முதல் மருந்து: வாயுவை அடக்குவதுபோல் இறுக்கித் தளர்த்துதல். மூன்று மாதமாவது விடாது செய்யவேண்டும்; செலவு காசில்லை. கசிவுக்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காமலிருப்பதோ, அடர்ந்த சிறுநீரால் பையை மேலும் உறுத்தும்.

இறங்கிய கருப்பையைத் தாங்க வளையம் உண்டு, அறுவையும் உண்டு. அறுவை என்றால் கருப்பையை எடுப்பதுதான் என்றும் அஞ்சவேண்டாம். அதை எடுக்காமலே தூக்கிக் கட்டும் முறையை மும்பையின் டாக்டர் ஷிரோத்கர் வகுத்தார். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை மாத்தூருக்கு எட்டாத ஊரன்று.

"ஆண் மருத்துவர் பார்ப்பாரே" என்பது கடைசித் தடை. மகளிர் பிரிவில் பெண் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. எவரும் கிடைக்காத இடத்தில், தேவையான அளவுக்கு ஆண் மருத்துவர் பார்க்கலாம் என்று நம் ஃபுகஹாக்கள் அனுமதி எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தையும் ஒரு ஜும்ஆ பயானில் வாசித்தால் என்ன?